அளவு நோட்டும் பழைய லேப்டாப்பும்

கோலார் தங்கவயல் கர்நாடக மாநிலத்தில் இருக்கிறது. அங்கே தமிழ் பேசும் மக்கள் நிறையப் பேர் வாழ்கிறார்கள். தங்கச் சுரங்கத்தில் வேலை செய்ய நூறு ஆண்டுகளுக்கு முன்பே போனவர்களின் பிள்ளைகள், பேரப் பிள்ளைகள் அவர்கள். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. பிறகு பலர் தினமும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போனார்கள். சிலர் ஊரிலேயே கைத்தொழில் செய்து பிழைத்தார்கள்.

அப்படிப் பிழைத்தவர்களில் ஒருவர்தான் டைலர் அக்கா. எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவருடைய அப்பா சுரங்கத் தொழிலாளி. அக்கா பள்ளிக்கூடம் போகவில்லை. முப்பது வயதுக்கு மேல் மாலை வகுப்பில் உட்கார்ந்து தமிழ் எழுதப் படிக்கக் கற்றார். ராபர்ட்சன்பேட்டையில் சின்னத் தையல் கடை வைத்திருக்கிறார்.

கடையில் ஒரு லேப்டாப் இருக்கிறது. மகள் கல்லூரியில் படித்தபோது, 2017-இல் வாங்கியது. மகள் கல்யாணமாகி ஓசூருக்குப் போய்விட்டாள். லேப்டாப் கடையிலேயே தங்கிவிட்டது. போகும் முன் மகள் அம்மாவுக்கு ஒரு நல்ல காரியம் செய்தாள். இரண்டு பள்ளிக்கூடங்களின் சீருடை அளவுகளை எல்லாம் அதில் ஏற்றிக் கொடுத்தாள். ஆண்டுதோறும் புதிய பிள்ளைகளின் அளவையும் சேர்த்து வந்தாள். இப்போது அதில் 412 பிள்ளைகளின் பெயர், வகுப்பு, தோள் அகலம், இடுப்புச் சுற்று, யார் எவ்வளவு பாக்கி என்ற கணக்கு எல்லாம் இருக்கின்றன. ஏப்ரல், மே மாதத்தில் வரும் சீருடை வேலைதான் அக்காவின் ஆண்டு வருமானத்தில் பெரும் பங்கு.

2025 நவம்பர் மாதம். ஒரு நாள் லேப்டாப்பைத் திறந்தார். திரை முழுவதும் ஆங்கிலத்தில் ஏதோ வந்தது. அக்கா ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படிப்பார். 'விண்டோஸ்' என்ற சொல் புரிந்தது. '10' என்ற எண் புரிந்தது. 'எண்ட்' என்ற சொல்லும் புரிந்தது. எண்ட் என்றால் முடிவு. அக்காவுக்கு வயிற்றைக் கலக்கியது.

பக்கத்தில் ஒரு ரிப்பேர் கடைக்கு எடுத்துப் போனார்.

"இது செத்துப் போச்சும்மா. இனிமே ஓடாது. புதுசு வாங்கிக்கோங்க. முப்பத்திரண்டாயிரம் ஆகும்," என்றார் கடைக்காரர்.

"இப்பக்கூட ஓடுதேப்பா?"

"ஓடும். ஆனா ஓடாது," என்றார் அவர்.

இந்தப் பதிலை எப்படிப் புரிந்துகொள்வது? லேப்டாப்பை மூடிப் பையில் போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்துவிட்டார். அது நல்லதாகப் போயிற்று.

முடிந்தது எது?

கணினி என்பது இரும்பும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த பெட்டி. அது தானாக எதுவும் செய்யாது. அதற்குள் ஒரு மேஸ்திரி வேண்டும். சுரங்கத்தில் ஷிப்டு தொடங்கும்போது மேஸ்திரி என்ன செய்வார்? யார் எங்கே போக வேண்டும், எந்தக் கருவியை யார் எடுக்க வேண்டும் என்று பிரித்துக் கொடுப்பார். கணினிக்குள்ளும் அப்படி ஒன்று இருக்கிறது. கீபோர்டில் தட்டியதைத் திரைக்கு அனுப்புவது, படத்தைத் தட்டில் பதிப்பது, பிரிண்டரை எழுப்புவது எல்லாம் அதன் வேலை. அதன் பெயர் இயங்குதளம். கடைகளில் 'ஓ.எஸ்.' என்பார்கள். விண்டோஸ் என்பது ஓர் இயங்குதளம். மைக்ரோசாஃப்ட் என்ற அமெரிக்க நிறுவனம் அதைத் தயாரிக்கிறது.

விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலை மாதம். அதற்கு இலவசமாகப் பழுது பார்த்துக் கொடுப்பதை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொள்வதாக மைக்ரோசாஃப்ட் முன்பே அறிவித்திருந்தது. அந்த நாள் வந்தது. நிறுத்தியது. அக்காவின் திரையில் வந்த செய்தி அதுதான்.

ஆக, முடிந்தது லேப்டாப்பின் உயிர் அல்ல. ஒரு தேதி முடிந்தது. ரிப்பேர் கடைக்காரர் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்.

அப்படியானால் செய்தியைத் தள்ளிவிட்டு அதே லேப்டாப்பை ஓட்டலாமா? ஓடும். ஆனால் அதில் ஓர் ஆபத்து உண்டு. எந்த இயங்குதளத்திலும் ஓட்டைகள் இருக்கும். எழுதியவர்களுக்கே தெரியாமல் இருக்கும். கண்டுபிடிக்கக் கண்டுபிடிக்க அடைத்து, அந்த அடைப்பை இண்டர்நெட் வழியாக எல்லோருக்கும் அனுப்புவார்கள். 'அப்டேட்' என்று திரையில் வருகிறதே, அதில் பெரும்பகுதி இந்த ஒட்டுப்போடும் வேலைதான். தேதி முடிந்த பிறகு ஒட்டு வராது. ஓட்டை மட்டும் புதிது புதிதாகத் தெரியவரும். திருடனுக்கும் தெரியவரும்.

2017 மே 12-ஆம் தேதி இது உலகத்துக்கே தெரிந்தது. 'வான்னாகிரை' என்ற நச்சு நிரல் அன்று பரவியது. சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளை அது பிடித்தது. உள்ளே இருந்த கோப்புகளை எல்லாம் பூட்டிவிட்டு, 300 டாலர் கொடுத்தால்தான் திறப்பேன் என்று திரையில் எழுதியது. இங்கிலாந்தில் மருத்துவமனைகளில் ஆபரேஷன்கள் தள்ளிவைக்கப்பட்டன. நம் நாட்டில் கேரளத்தில் சில பஞ்சாயத்து அலுவலகக் கணினிகளும் மாட்டிக்கொண்டன. இதில் வேதனை என்னவென்றால், அந்த ஓட்டைக்கான ஒட்டு மார்ச் 14-ஆம் தேதியே வந்துவிட்டது. இரண்டு மாதம் இருந்தது. போட்டுக்கொண்டவர்கள் தப்பித்தார்கள். போடாதவர்களும், ஒட்டே வராத பழைய விண்டோஸ் வைத்திருந்தவர்களும் மாட்டினார்கள்.

412 பிள்ளைகளின் அளவை ஒருவன் பூட்டிவிட்டுப் பணம் கேட்டால் டைலர் அக்கா என்ன செய்வார்?

லேப்டாப்புக்கும் அளவு எடுக்க வேண்டும்

அக்காவின் அண்ணன் மகன் டிப்ளமோ படித்துவிட்டுப் பெங்களூரில் வேலை பார்க்கிறான். மாரிக்குப்பத்தில் காலை ரயிலைப் பிடித்தால் இரவுதான் திரும்புவான். ஒரு சனிக்கிழமை அத்தை வீட்டுக்கு வந்தான்.

"அத்தை, துணி வெட்டறதுக்கு முன்னாடி நீங்க என்ன செய்வீங்க?"

"அளவு எடுப்பேன்."

"இதுக்கும் முதல்ல அளவு எடுப்போம்."

செட்டிங்ஸ் பகுதியில் 'சிஸ்டம்', அதற்குள் 'அபவுட்' என்ற பக்கத்தைத் திறந்தான். அத்தையையே படிக்கச் சொன்னான். அக்கா எண்களைப் படித்துத் தன் அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினார். நீங்களும் உங்கள் வீட்டிலோ சங்கத்திலோ கணினி இருந்தால் அந்தப் பக்கத்தைத் திறந்து, நோட்டில் எழுதிப் பாருங்கள்.

முதலில் ராம். இது கணினியின் வேலை மேசை. மேசை பெரிதாக இருந்தால் ஒரே நேரத்தில் நிறையத் துணியைப் பரப்பலாம். அக்காவின் லேப்டாப்பில் 4 ஜி.பி. இருந்தது. இன்றைக்கு அது சின்ன மேசை.

அடுத்தது ப்ராசஸர். இது வேலை செய்யும் கை. அதில் 'ஐ3-6006யூ' என்று போட்டிருந்தது. இண்டெல் நிறுவனத்தின் ப்ராசஸர் அது. கோட்டுக்குப் பிறகு வரும் முதல் எண்ணைப் பாருங்கள். 6. அதாவது ஆறாம் தலைமுறை. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பட்டியலில், இண்டெல் ப்ராசஸர் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையிலிருந்துதான் இடம். ராம் குறைந்தது 4 ஜி.பி., தட்டில் 64 ஜி.பி. இடம், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பு ஆகியவையும் வேண்டும். அக்காவின் லேப்டாப் மற்ற அளவுகளில் தேறினாலும் ப்ராசஸரில் தவறிவிட்டது. மைக்ரோசாஃப்டே 'பி.சி. ஹெல்த் செக்' என்ற இலவசச் சோதனை நிரலைக் கொடுக்கிறது. அதை ஓட்டியபோதும் அதே பதில்தான் வந்தது.

குறுக்கு வழியில் விண்டோஸ் 11-ஐ ஏற்றித் தருவதாகச் சிலர் சொல்வார்கள். ஏற்ற முடியும் என்பது உண்மைதான். ஆனால் பட்டியலில் இல்லாத கணினிக்குத் தொடர்ந்து ஒட்டு வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. எந்த ஒட்டுக்காக இவ்வளவு பாடுபடுகிறோமோ, அதற்கே உறுதி இல்லை என்றால் என்ன பயன்?

மூன்றாவது, தட்டு. கோப்புகள் தங்கும் இடம். அக்காவின் லேப்டாப்பில் இருந்தது ஹார்டு டிஸ்க். அதற்குள் உண்மையிலேயே ஒரு தட்டு சுழல்கிறது. காதை வைத்தால் சத்தம் கேட்கும். எட்டு ஆண்டுகள் சுழன்று தேய்ந்த தட்டு. லேப்டாப்பைத் திறந்தால் வேலைக்கு வர மூன்றே முக்கால் நிமிடம் ஆனது. சுவர்க் கடிகாரத்தை வைத்து அளந்தார்கள்.

மிச்சம் இருந்தவை இரண்டு வழிகள். ஒன்று, விண்டோஸ் 10-ஐயே வைத்துக்கொண்டு ஓராண்டு தவணை வாங்குவது. 2026 அக்டோபர் 13 வரை வீட்டுக் கணினிகளுக்கு ஒட்டு கொடுப்பதாக மைக்ரோசாஃப்ட் 2025-இல் அறிவித்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கு தொடங்கிச் செட்டிங்ஸை அதோடு இணைத்தால் இலவசம். இல்லாவிட்டால் 30 டாலர். ஆத்திர அவசரத்துக்கு இது நல்ல வழி. புதுக் கணினி வாங்கப் பணம் சேர்க்கிறவர்களுக்குப் பொருந்தும்.

இன்னொன்று, மேஸ்திரியையே மாற்றுவது. அதாவது லினக்ஸ்.

லினக்ஸ் யாருடையது?

1991-இல் ஃபின்லாந்து நாட்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் ஓர் இயங்குதளத்தின் உட்கருவை எழுதினார். அதை யாரும் பார்க்கலாம், திருத்தலாம், இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று விட்டார். உலகம் முழுவதும் பலர் அதில் கை வைத்தார்கள். அது வளர்ந்தது. இன்று நம் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு செல்பேசிக்குள்ளும் அந்த உட்கருதான் இருக்கிறது. கேரளத்தில் அரசுப் பள்ளிக்கூடங்களின் கணினிகள் பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் ஓடுகின்றன. நம் நாட்டில் மத்திய அரசின் சி-டாக் நிறுவனமும் 'பாஸ்' என்ற பெயரில் ஒரு லினக்ஸைச் செய்திருக்கிறது. தமிழ் உட்பட இந்திய மொழிகளில் அது வேலை செய்யும்.

லினக்ஸில் பல வகைகள் உண்டு. ஒரே மாவில் இட்லி, தோசை, பணியாரம் சுடுவதுபோல. அண்ணன் மகன் தேர்ந்தெடுத்தது 'லினக்ஸ் மின்ட்'. அதிலும் 'எக்ஸ்.எஃப்.சி.இ.' என்ற வகை. பழைய கணினிக்குப் பாரம் குறைவு. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை ஒட்டு வரும்.

எல்லோருக்கும் லினக்ஸ் சரிவராது. இதை மறைக்கக் கூடாது. டேலி கணக்கு எழுதுகிறவர்கள், எம்ப்ராய்டரி மெஷினுக்கு டிசைன் போடும் மென்பொருள் வைத்திருப்பவர்கள், விண்டோஸுக்கென்றே செய்த வேறு மென்பொருளை நம்பித் தொழில் செய்கிறவர்கள் அவசரப்படக் கூடாது. டைலர் அக்காவுக்கு வேண்டியது எக்செல் பட்டியல், இண்டர்நெட், பில் அச்சடிப்பது. அவ்வளவுதான். எக்செல் பட்டியலை லினக்ஸில் 'லிப்ரே ஆஃபீஸ்' என்ற இலவச மென்பொருள் திறக்கும்.

ஒரு விரல் தூரம்

அண்ணன் மகன் பென்டிரைவ் ஒன்றில் லினக்ஸ் மின்டை ஏற்றிக் கொண்டுவந்திருந்தான். 8 ஜி.பி. பென்டிரைவ் போதும். அப்படி ஏற்றும்போது பென்டிரைவில் முன்பு இருந்தது எல்லாம் அழிந்துவிடும். வெறும் பென்டிரைவாகப் பார்த்து எடுங்கள்.

லேப்டாப்பை அணைத்து, பென்டிரைவைச் செருகி, மீண்டும் போட்டு, எஃப்12 பொத்தானை அழுத்தினான். சில லேப்டாப்பில் இது எஃப்2, சிலவற்றில் எஸ்கேப் பொத்தான். லினக்ஸ் பென்டிரைவிலிருந்தே ஓடியது. லேப்டாப்பின் தட்டை அது தொடவே இல்லை. துணியை வெட்டுவதற்கு முன் ஊசி குத்தி உடம்பில் போட்டுப் பார்ப்பார்களே, அதுபோல. வைஃபை கிடைக்கிறதா, சத்தம் வருகிறதா, கீபோர்டு சரியா என்று பார்த்தார்கள். எல்லாம் சரி. பிரிண்டர் மட்டும் எழவில்லை.

"பரவாயில்ல, அப்புறம் பார்த்துக்கலாம்," என்று சொல்லிவிட்டு அவன் 'இன்ஸ்டால்' என்பதை அழுத்தினான். திரைகள் ஒவ்வொன்றாக வந்தன. அவன் வேகமாக அழுத்திக்கொண்டே போனான். இளைஞர்களுக்கே உள்ள வேகம். ஒரு திரையில் அக்கா கையை நீட்டி மறித்தார்.

"இரு கண்ணு. இது என்ன எழுத்து? ஈ... ஆர்... ஏ... எஸ்... ஈ..."

"எரேஸ் அத்தை."

"எரேசர்னு ரப்பரைத்தானே சொல்வாங்க? எதை அழிக்கப் போகுது?"

அவன் ஒரு நிமிடம் பேசவில்லை.

"டிஸ்க்ல இருக்கிறது எல்லாத்தையும், அத்தை."

"என் பிள்ளைங்க அளவு?"

"காப்பி எடுத்து வெச்சிருப்பீங்கன்னு நினைச்சேன்."

"நீ எடுத்திருப்பேன்னு நான் நினைச்சேன்."

அடுத்த பொத்தானை அழுத்தியிருந்தால் எட்டு ஆண்டு உழைப்பு போயிருக்கும். தேய்ந்த எழுத்தைக் கூட்டிப் படிக்கும் பழக்கம் அன்று காப்பாற்றியது. அவன் 'குவிட்' அழுத்தி வெளியே வந்தான். பென்டிரைவைப் பிடுங்கினான். பழைய விண்டோஸ் மறுபடி வந்தது. 412 பெயரும் இருந்தன.

நகல் எடுத்தால் போதுமா?

மறுநாளே நகல் எடுக்கும் வேலை தொடங்கியது. கோப்புகள் ஒரே இடத்தில் இருக்காது. 'டெஸ்க்டாப்' என்ற முகப்பில் கொஞ்சம், 'டாகுமெண்ட்ஸ்' பையில் கொஞ்சம், 'டவுன்லோட்ஸ்' பையில் மறந்துபோனவை கொஞ்சம். பேத்தியின் தொட்டில் விழாப் படங்கள் 'பிக்சர்ஸ்' பையில் இருந்தன. பிரவுசரில் சேமித்து வைத்த கடவுச்சொற்களை நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அந்த நோட்டுப் பக்கத்தை மடித்துப் பீரோவில் வைத்தார் அக்கா.

சில லேப்டாப்பில் தட்டே பூட்டப்பட்டிருக்கும். 'பிட்லாக்கர்' என்பார்கள். அப்படி இருந்தால் 48 இலக்கச் சாவி எண் ஒன்று உண்டு. அதை முதலில் எழுதி வைக்க வேண்டும். அது இல்லாமல் அந்தத் தட்டை வேறு கணினியில் திறக்க முடியாது. அக்காவின் லேப்டாப்பில் அந்தப் பூட்டு இல்லை.

எல்லாவற்றையும் வேறொரு பென்டிரைவில் ஏற்றினார்கள். அண்ணன் மகன் "முடிஞ்சுது" என்றான். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. வேறு இடத்தில் திறந்து பார்க்க வேண்டும் என்றார். பென்டிரைவை எடுத்துக்கொண்டு தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் போனார். பட்டியல் திறந்தது. எண்கள் சரியாக இருந்தன. பெயர்கள்?

பெயர்கள் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கலந்து கிடந்தது. ஒரு பெயரைக்கூடப் படிக்க முடியவில்லை. 412 பிள்ளைகளும் காணாமல் போய்விட்டார்கள்.

என்ன நடந்தது? மகள் தமிழை 'பாமினி' என்ற எழுத்துருவில் அடித்திருந்தாள். அந்தக் காலத்து எழுத்துருக்கள் ஒரு தந்திரம் செய்தன. உள்ளே ஆங்கில எழுத்தையே வைத்துக்கொண்டு, திரையில் மட்டும் தமிழ் எழுத்தின் உருவத்தைக் காட்டின. பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் கணினிக்குள் பதிவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். பாமினி இருக்கும் கணினியில் அது 'அம்மா' என்று தெரியும். இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்தாகத் தெரியும். வானவில் போன்ற வேறு பழைய எழுத்துருக்களிலும் இதே கதைதான். ஒவ்வொன்றுக்கும் கணக்கு வேறு.

இப்போது எல்லோரும் பயன்படுத்துவது யூனிகோட். அதில் 'அ' என்ற எழுத்துக்கு உலகம் முழுவதும் ஒரே எண். செல்பேசியில் நாம் அனுப்பும் தமிழ் எல்லாம் யூனிகோட்தான். அதனால்தான் எந்தச் செல்பேசியிலும் படிக்க முடிகிறது.

அக்கா ஜெராக்ஸ் கடைக்குப் போகாமல் இருந்திருந்தால் இது ஏப்ரல் மாதம்தான் தெரிந்திருக்கும். பள்ளிக்கூட வேலை தலைக்கு மேல் இருக்கும்போது.

இரண்டு வேலை செய்தார்கள். விண்டோஸில் 'ஃபாண்ட்ஸ்' என்ற பையிலிருந்து பாமினி எழுத்துருவை நகலெடுத்துப் பென்டிரைவில் போட்டார்கள். அது இருந்தால் லினக்ஸிலும் பழைய பட்டியலைப் படிக்கலாம். பிறகு பாமினியை யூனிகோடாக மாற்றும் இலவச மாற்றி ஒன்றை இண்டர்நெட்டில் பிடித்து, பெயர்களை வகுப்பு வகுப்பாக மாற்றினார்கள். ஓசூரிலிருந்து மகள் போனில் வழி சொன்னாள். அக்கா தன் பழைய அளவு நோட்டை வைத்துக்கொண்டு சரிபார்த்தார். ஒன்பது பெயர்களில் 'ஸ்ரீ' என்ற எழுத்து உடைந்திருந்தது. கையால் திருத்தினார்கள். மூன்று இரவு ஆனது.

பாபின் மாற்றுவதுபோல

அந்த மூன்றாம் இரவில் அக்கா ஒரு கேள்வி கேட்டார்.

"ஏன் கண்ணு, அழிச்சுத்தான் போடணுமா? மெஷின்ல பாபின் மாத்தறோம். பழைய நூலை அறுத்தா போடறோம்? பழைய பாபினைக் கழட்டி டப்பாவில வெச்சுட்டு வேற பாபின் போடறோம். இந்தத் தட்டைக் கழட்டி வெச்சுட்டு வேற தட்டு போட முடியாதா?"

முடியும். அதுதான் நல்ல வழியும்கூட. சுழலும் ஹார்டு டிஸ்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. என்று ஒன்று வருகிறது. அதற்குள் எதுவும் சுழலாது. பல மடங்கு வேகம். பழைய லேப்டாப்பில் ஒரே ஒரு பொருளை மாற்றுவதானால் இதைத்தான் மாற்ற வேண்டும். இயங்குதளத்தை மட்டும் மாற்றிவிட்டு அதே தேய்ந்த தட்டை வைத்துக்கொண்டால், புது டிரைவரைப் பழைய மாட்டு வண்டியில் உட்கார வைத்த கதைதான்.

நவம்பர் 22, சனிக்கிழமை. இருவரும் ரயிலேறிப் பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்குப் போனார்கள். கணினிச் சாமான்களுக்குப் பெயர்போன தெரு அது. தட்டும் ராமும் எந்த வகை என்று முன்பே எழுதிக்கொண்டு போயிருந்தார்கள். ராமில் டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4 என்று வகைகள் உண்டு. ஒன்றின் இடத்தில் மற்றொன்று நுழையாது. 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்று, 4 ஜி.பி. ராம் ஒன்று, மாற்றும் கூலி எல்லாம் சேர்த்து 3,700 ரூபாய் ஆனது. இந்த விலை நாளுக்கு நாள் மாறும். நாலு கடை கேட்டு வாங்குங்கள். கழற்றிய பழைய தட்டை அக்கா கேட்டு வாங்கிக்கொண்டார். கடைக்காரப் பையன், "இது எதுக்கும்மா, குப்பை," என்றான். "குடுப்பா," என்றார் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை இரவு லினக்ஸை ஏற்றினார்கள். சார்ஜர் செருகியே இருந்தது. நடுவில் மின்சாரம் போனாலும் பேட்டரி தாங்குமா என்று முன்பே பார்த்துக்கொண்டார்கள். பாதியில் அணைந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும். மறுபடியும் அதே 'எரேஸ்' திரை வந்தது. இந்த முறை உள்ளே இருந்தது வெறும் தட்டு.

"அழுத்து," என்றார் அக்கா.

முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தார்கள். சுவர்க் கடிகாரத்தில் முப்பது விநாடிக்குள் திரை வந்துவிட்டது. பட்டியலைத் திறந்தார்கள். ஐந்தாம் வகுப்பு, ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு. பெயர்கள் எல்லாம் நல்ல தமிழில் இருந்தன. அக்கா வாய்விட்டுப் படித்தார். நோட்டில் இருந்த மூன்று பிள்ளைகளின் அளவை நடு நடுவே எடுத்து ஒப்பிட்டார். சரியாக இருந்தது.

பிரிண்டர் கடைசி வரை எழவில்லை. சில பழைய லேசர் பிரிண்டர்களுக்கு லினக்ஸில் ஏற்ற டிரைவர் கிடைப்பது கஷ்டம். அண்ணன் மகன் இரண்டு மாலை போராடிப் பார்த்துக் கைவிட்டான். இப்போது அக்கா பில்லைப் பென்டிரைவில் போட்டு ஜெராக்ஸ் கடையில் அச்சடிக்கிறார். ஒரு தாளுக்கு இரண்டு ரூபாய். "மாசத்துக்கு முப்பது தாள். அறுபது ரூபா. முப்பத்திரண்டாயிரத்துக்கு எத்தனை மாசம் ஆகும்னு நீயே கணக்குப் போடு," என்று மகளிடம் போனில் சொன்னார்.

பழைய தட்டை அக்கா ஒரு பாலித்தீன் உறையில் போட்டார். அதை வெள்ளைத் துணியில் சுற்றினார். ஊசி, பட்டன் வைக்கும் டப்பாவில் ஈரம் படாமல் வைத்தார். துணியின் மேல் தையல் சாக்கால் எழுதினால் அழிந்துவிடும். அதனால் ஒரு காகிதத்தில் பேனாவால் எழுதிக் குண்டூசி குத்தினார்: 'பழைய தட்டு. 23.11.2025. 412 பிள்ளைகள். யாரும் எடுக்கக் கூடாது.'

பயிற்சி

உங்கள் கணினியிலோ செல்பேசியிலோ நீங்கள் இழக்க முடியாதவை எவை? அவற்றின் பெயரை நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதன் இரண்டாம் நகல் எங்கே இருக்கிறது என்று எழுதுங்கள். அந்த நகலை வேறு ஒரு கணினியில் திறந்து பார்த்த தேதியையும் எழுதுங்கள். தேதி எழுத முடியாமல் காலியாக நிற்கும் இடங்களை அடுத்த வகுப்பில் எல்லோரும் சேர்ந்து பார்ப்போம்.